அரசர் நீக்கிய பாடம்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றை ஆண்ட மன்னருக்குத் திடீரென்று சீர்திருத்த ஆசை வந்தது. அந்த ஆசை படையையும் பண்டகசாலையையும் விட்டுவிட்டு நேரே கலாசாலையில் போய் இறங்கியது.

"கண்ணுக்குத் தெரிகிற பயன் இல்லாத பாடம் நம் கலாசாலைக்கு எதற்கு?" என்று சபையில் கேட்டார்.

இந்தக் கேள்வியை மன்னர் காதில் போட்டு வைத்தவர் முதல் மந்திரி தாண்டவராயர். அவருடைய மகன், யாரோ எழுதிய சுவடியைத் தன்னுடையது என்று கொடுத்துத் தேர்வில் மாட்டிக்கொண்டிருந்தான். பட்டம் தர முடியாது என்று மறுத்தவர் அறநூல் ஆசிரியர் மெய்யப்ப தேசிகர். வைத்தியமோ சிற்பமோ, எதைப் படித்தாலும் அவரிடம் அறநூல் பயிலாமல் அங்கே யாரும் பட்டம் வாங்க முடியாது.

"வைத்தியம் நோயைத் தீர்க்கிறது. சிற்பம் கோபுரம் எழுப்புகிறது. அறநூல் என்ன செய்கிறது, பிரபு? பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது," என்றார் தாண்டவராயர்.

மன்னர் தலையாட்டினார். "நீக்கிவிடுங்கள். இனி அந்தப் பாடத்துக்குக் கலாசாலையிலும் இடமில்லை, என் அரண்மனையிலும் இடமில்லை."

"ஆணையைத் தேசிகரிடம் சொல்ல நம் விகடகவி வெள்ளையம்பலம் போகட்டும். அவருடைய பழைய மாணவன்தானே. சிரிக்கவைத்தே அனுப்பிவிடுவான்," என்றார் தாண்டவராயர்.

சபை சிரித்தது. வெள்ளையம்பலத்துக்குக் காது மடல் சுட்டது. மறுத்தால் ராஜத் துரோகம். போனால், எழுத்தறிவித்தவரைத் தன் வாயாலேயே வெளியேற்ற வேண்டும். மந்திரி வாய்க்குள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே மன்னரை வணங்கினான்.

"ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன், மகாராஜா."

தேசிகர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆணையைக் கேட்டுவிட்டுச் சுவடியைக் கட்டினார். சபையில் பேசியது அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னார்களாமே?"

"இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஐயா."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே நடந்தார். வெள்ளையம்பலம் அங்கிருந்து நேரே ராஜவைத்தியர் திருமேனியாரின் வீட்டுக்குப் போனான். அவரும் தேசிகரிடம் படித்தவர்தான்.

மாலையில் மன்னர் வழக்கமாகக் குடிக்கும் கஷாயத்தோடு வைத்தியர் சபைக்கு வந்தார். தட்டில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

"ஏன் இரண்டு?"

"ஒன்றில் நோயைத் தீர்க்கும் கஷாயம் இருக்கலாம், மகாராஜா. இன்னொன்றில் ஆளைத் தீர்க்கும் கஷாயம் இருக்கலாம். இரண்டையும் காய்ச்சக் கலாசாலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. எதைத் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வேறு பாடம். அதற்கு அரண்மனையில் இடமில்லை என்று இன்று ஆணை வந்திருக்கிறது."

மன்னர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"பூச்சாண்டி காட்டுகிறார்கள், பிரபு. இரண்டும் வெறும் கஷாயம்தான்," என்றார் தாண்டவராயர்.

"அப்படியானால் தாங்களே ஒன்றைக் குடித்துக் காட்டலாமே," என்றான் வெள்ளையம்பலம்.

மந்திரி ஓரடி பின்வாங்கினார். "வைத்தியரே, உண்மையைச் சொல்லும்."

"உண்மை சொல்வதும் அந்தப் பாடத்தில்தான் வருகிறது, மந்திரியாரே."

மன்னர் வெள்ளையம்பலத்தின் பக்கம் திரும்பினார். "இது உன் வேலையா?"

"தங்கள் வேலை, மகாராஜா. நான் ஆணையை நிறைவேற்றினேன், அவ்வளவுதான்." அவன் குரலில் விகடம் துளியும் இல்லை. "வாசலில் வாளோடு நிற்கிறானே, அவனுக்கு வீசத் தெரியும். யார் மேல் வீசக் கூடாது என்பதை இனி அவனே முடிவு செய்துகொள்வான். கண்ணுக்குத் தெரிகிற பயன் கேட்டீர்கள். இத்தனை காலம் நீங்கள் நிம்மதியாகத் தூங்கினீர்களே, அதுதான் அந்தப் பாடத்தின் பயன்."

மன்னர் காவலனைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார்.

"ஆணை ரத்து," என்றார்.

உடனே வைத்தியர் இரண்டு கிண்ணத்திலிருந்தும் எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு வாய் குடித்தார். "இரண்டிலும் சுக்கும் மிளகும்தான், மகாராஜா. தேசிகரிடம் படித்த கை வேறெதையும் காய்ச்சாது."

மன்னருக்கு முதலில் பெருமூச்சு வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "போ, வெள்ளையம்பலம். தேசிகரை மரியாதையோடு அழைத்து வா."

வெள்ளையம்பலம் மாலையை வாங்கவில்லை.

"துரத்துவதற்கு என்னை அனுப்பினீர்கள், மகாராஜா. அழைப்பதற்கு நீங்கள் போங்கள். மாலையையும் அவருக்கே போடுங்கள்."

மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு எழுந்து, பாதரட்சையைக் கொண்டுவரச் சொன்னார். பல்லக்கு வேண்டாம் என்றார். தேசிகரின் வீட்டுத் தெருவரைக்கும் மன்னருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனவர் தாண்டவராயர்.