மாரப்பனின் புது சைலன்சர்

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. மடத்துக்கு அரிசி ஏற்றி வரும், விறகு ஏற்றி வரும். சுற்றுவட்டார ஊர்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கீழே ஆஸ்பத்திரிக்கும் அதுதான் போகும். அந்தப் பக்கத்தில் வேறு வண்டி கிடையாது.

அதை ஓட்டியவர் மாரப்பன். முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு, நிம்மதி வேண்டும் என்று மடத்துக்குச் சீடராக வந்தவர். வந்தவர்களில் நிம்மதி கிடைக்காத ஒரே ஆள் அவர்தான். மடத்தை நடத்தியவரை எல்லோரும் அம்மா என்பார்கள். மாரப்பனைவிட வயதில் இளையவர் என்பதால் அம்மா அவரை அண்ணா என்று கூப்பிடுவார்.

அந்த ஐப்பசியில் மாரப்பனின் கவலைக்கு ஒரு பெயர் இருந்தது. மாதம்மா. பக்கத்து ஊர்ப் பெண், நிறைமாதம், தலைப்பிரசவம். இன்றோ நாளையோ வலி எடுக்கலாம். எடுத்தால் இந்த வண்டிதான். வண்டியோ ஏற்றத்தில் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

அந்தச் சத்தம் மாரப்பனைத் தூங்கவிடவில்லை. சோறு இறங்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் விடிந்ததும் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது வண்டியில் புதுக் குழாய், பெரிய வாயோடு புது சைலன்சர். இன்ஜின் கம்பீரமாக உறுமிற்று. அந்த உறுமலில் டக் டக் காணாமல் போயிருந்தது. மடத்தில் இருந்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். மாரப்பனும் பெருமையாகத்தான் நின்றார். ஆனால் அன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவிடம் போனார்.

"சத்தம் போயிடுச்சும்மா. பயம் மட்டும் போக மாட்டேங்குது. ஏம்மா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மாதம்மா வந்தா எங்கே உட்கார வைப்பீங்க அண்ணா?"

"முன்னாடிதான். ஜன்னல் ஓரமா."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு போய் முன்சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியை முழுக்க ஏற்றினார். மாரப்பன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார்.

"அவளைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டுங்க," என்றார்.

வண்டி கீழே இறங்கி, மறுபடி ஏறிற்று. மாரப்பன் பேசிக்கொண்டே வந்தார். இனிமேல் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், இழுவை கூடும் என்று சைலன்சரின் அருமையை விளக்கினார். தலை வலித்தது. தூக்கமில்லாத தலை, வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தபோது அம்மா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அசையாமல் இருந்தார். தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்து மாரப்பன் பயபக்தியோடு பேச்சை நிறுத்தினார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அம்மா அவர் தோளைத் தட்டினார். வண்டி நின்றது. அம்மா கதவைத் திறந்து இறங்கி, சாலையோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

மாரப்பன் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"உங்களுக்குத் தலை வலிக்குதா அண்ணா?" என்று கேட்டார் அம்மா.

"ராத்திரி சரியாத் தூங்கலம்மா."

"நான் நல்லாத் தூங்கினேன். எனக்கும் வலிக்குது."

மாரப்பன் போய், இன்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் தூக்கினார். காதைக் கிட்டே கொண்டுபோனார். புது சைலன்சரின் உறுமலுக்கு அடியில் அது இருந்தது. டக் டக். இன்ஜினோடு குழாய் சேரும் மூட்டில் புகை மெல்லிசாகக் கசிந்து, வண்டிக்குள்ளே போகும் ஓட்டையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. பயம் முன்னைவிட அதிகமாக இருந்தது.

தானே சொன்னார். டவுன் மெக்கானிக் ரஃபீக் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தார். சத்தம் முன்னால்தான் வருகிறது, பின்னால் எதை மாற்றினாலும் பிரயோசனமில்லை, மூட்டைப் பிரிக்க வேண்டும் என்றார். எல்லாம் துருப்பிடித்த பழைய போல்ட், பிரிக்கும்போது முறிந்தால் ரெண்டு மூணு நாள் வண்டி தன்னிடம்தான் நிற்கும் என்றும் சொல்லியிருந்தார். மாரப்பன்தான் வேண்டாம் என்று சொல்லி, கண்ணில் பட்ட பெரிய சைலன்சரைக் காட்டி அதை மாட்டச் சொன்னவர்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"சத்தம் கேக்காம இருந்தாப் போதும்னு ஆயிடுச்சும்மா."

மாரப்பனே தொடர்ந்தார்.

"ரெண்டு மூணு நாள் வண்டி இல்லாமப் போனா என்னம்மா பண்றது? அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலி வந்துட்டா? இருக்கிறது ஒரே வண்டி. அதையும் பிரிச்சுப் போட்டுட்டா அவ யாரை நம்புவா?"

அம்மா மிச்சத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ அக்கா வீடு கீழே ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுலதான் இருக்கு. வந்து இருடின்னு போன வாரமே கூப்பிட்டாளாம். ஏன் போகலைன்னு நேத்து கேட்டேன்."

மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"மாரப்பண்ணன் வண்டிதான் இருக்கே, நான் எதுக்கும்மா போகணும்னு சிரிச்சா."