எது உடைய வேண்டும்

"எல்லாப் பல்சக்கரத்தையும் எஃகுல போட்டுட்டேங்க. இப்ப ஷாஃப்ட் போயிருச்சு."

ஞானப்பிரகாசம் ரிமோட் ரேஸ் டிரக்கை தாஹிராவின் பட்டறை மேஜைமேல் வைத்தார். மகள் ரெஜினா ஓட்டுகிற அந்தக் குட்டி வண்டிக்கு கியர் வரைவது அவர்தான். முப்பது வருஷம் பம்ப் கம்பெனியில் டிசைனராக இருந்தவர். யாரும் தன்னைத் திருத்துவது பிடிக்காது.

தாஹிரா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். கோவையில் சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறாள். அவளிடம் மட்டும் அவர் கைகட்டி நிற்பார்.

அவள் முறிந்த ஷாஃப்ட் கம்பியைப் பார்க்கவில்லை.

"ரெஜினா எங்கீங்க சார்?"

"போன ரேஸ்ல வண்டி பாதியில நின்னுருச்சுல்ல. நீ ஜம்ப்ல தப்பா எறக்குனேன்னு எல்லார் முன்னாலயும் திட்டிட்டேன். பன்னெண்டு நாளா பேசறதில்ல. ஞாயித்துக்கிழமை பைனலுக்கு வரலைங்கறா."

"பொண்ணு தப்பாத்தான் எறக்குச்சா?"

"இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் எறக்கறாங்க."



"இந்த வண்டியில எது உடையணும்?" என்றாள்.

"எதுவுமே உடையக்கூடாதுங்க."

வண்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை இன்னும் தடித்த ஷாஃப்டோடு வந்தார்.

தாஹிரா மோட்டாரை முழு வேகத்தில் சுழலவிட்டு, இடுப்பு உயரத்திலிருந்து வண்டியைத் தரையில் போட்டாள். ஷாஃப்ட் தாங்கிக்கொண்டது. கியர் பெட்டியே பிளந்துவிட்டது.

"எது உடையணும்?"

அவருக்குக் கோபம் வந்தது. பிளந்த பெட்டியை வாரிக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார். எஃகுச் சக்கரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெள்ளை நைலான்.

வண்டி விழுந்தது. நைலானில் நாலு பல் சிதறியது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ரெண்டு நிமிஷத்தில் வேறு நைலான் சக்கரம் மாட்டினார். வண்டி ஓடியது.

"இத மொதல்லயே ஏன் வரையலீங்க சார்?"

"நான் வரைஞ்சது உடையறத என்னால பாக்க முடியாதுங்க."

தாஹிரா பல் போன சக்கரத்தைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். லேத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"ரெஜி, கட் பண்ணிராதம்மா. நீ எறக்குனதுல தப்பில்ல. நான் வரைஞ்சதுதான் தப்பு. இப்ப ஒரு சக்கரம் மட்டும் உடையற மாதிரி நைலான்ல போட்டிருக்கேன்."



"ஞாயித்துக்கிழமைக்கு ஸ்பேர் எத்தனப்பா வெச்சிருக்க?"