பெயரை எடுத்த பிறகு

வைரவனுக்கு நாற்பத்தேழு வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்குச் சினிமா சொல்லிக்கொடுத்த ஆக்னஸுக்கு முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய எடிட்டிங் அறைக்குப் போய், முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்து பாடம் கேட்பார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று ஒரு குறும்படத்தோடு போனார். பதினோரு நிமிடம், ஒரே ஷாட். நடித்த இருவரும் இருபது வருடமாக அவரோடு டிப்போவில் வேலை பார்த்தவர்கள்.

"ஒரே ஒரு இடத்துல சத்தம் சரி பண்ணணும் டீச்சர்."

"என்ன கதை சார்?"

"ஒருத்தன் வீட்டுல காத்துக்கிட்டிருக்கான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டாளி வர்றான். உன் சம்சாரம் இறந்துட்டாங்கன்னு சொல்லணும். அவனுக்கு வாய் வரல. அதான் படம்."

"காத்துக்கிட்டிருக்கிறது யாரு?"

"அருளப்பன். அவன் சம்சாரம் நிஜமாவே ரெண்டு வருஷம் முந்தி போயிருச்சு. அதனாலதான் அவனைப் போட்டேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"உனக்காகச் செய்றேன்டான்னான்."

ஆக்னஸ் படத்தை ஓடவிட்டார்.

படம் எடுத்த அந்தக் காலைப்பொழுது வைரவனுக்கு முழுக்க நினைவிருந்தது. ஆறு முறை எடுத்தும் சரிவரவில்லை. ஒரு முறை கேமரா கதவில் இடித்தது. ஒரு முறை பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியது. மற்ற நேரமெல்லாம் கூட்டாளியாக நடித்த பஷீர் வசனத்தை மறந்தார். ஒவ்வொரு முறையும் அருளப்பன் முதலிலிருந்து உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டார்.

ஏழாவது முறை எல்லாம் கூடிவந்தது. எட்டாவது நிமிடத்தில் அருளப்பன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற வைரவனைப் பார்த்தார்.

"வைரா, போதும்டா."

அது வசனத்தில் இல்லை. வைரவனுக்குத் தெரியும். ஆனால் ஷாட் அப்படி வந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். மேலே போ.

அருளப்பன் பஷீர் பக்கம் திரும்பி, மிச்சத்தையும் நடித்து முடித்தார்.

கட் சொன்னதும் வைரவன் அவரைக் கட்டிப்பிடிக்க ஓடினார். அருளப்பன் அதற்குள் தெருவில் நடந்துகொண்டிருந்தார். அவருக்காக வாங்கிய பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அடுத்த வாரம் வேறு டிப்போவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தார். நான்கு மாதமாகப் போனை எடுப்பதில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். அந்த 'வைரா'வை மட்டும் எடுத்துடுங்க டீச்சர். 'போதும்டா' இருக்கட்டும். பஷீர்கிட்ட சொல்ற மாதிரி ஆயிடும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வீட்டுக்கே போனேன். மகன் வந்து அப்பா தூங்குறாருன்னான். உள்ளே இருமல் சத்தம் கேட்டுச்சு."

ஆக்னஸ் கீபோர்டுப் பக்கம் திரும்பினார். இரண்டு நிமிட வேலைதான். பெயர் போய்விட்டது. துண்டு வாயை மறைத்திருந்ததால் உதடும் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுபடி ஓடவிட்டார்.

"போதும்டா" என்றது திரை. பிறகு அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. திரையில் அருளப்பன் வைரவன் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று கடிகாரம் பதினான்கு நொடி ஓடியது. வைரவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த இடம் ரொம்ப நீளமா இருக்கு டீச்சர். கொஞ்சம் வெட்டிடலாமா?"

"வெட்டினா ஒரே ஷாட் இல்ல சார்."

"அப்ப ஏதாவது சத்தம் போட்டு நிரப்புங்க. ஃபேன் ஓடுற சத்தம், தெருவுல வண்டி போற சத்தம்..."

ஆக்னஸ் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பேரு அவர் சொன்னது, எடுத்துட்டேன். இது நீங்க பதில் சொல்லாம நின்னது. இதை நான் எப்படி சார் எடுக்கிறது?"