மர அன்னமும் மாமன் சீரும்

முன்னொரு காலத்தில், வானத்தைப் பறவைகளுக்கு மட்டுமே எழுதிவைத்திருந்த நாளில், ஒரு ராஜாவுக்குத் தானும் பறக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ராஜாவுக்கு வந்த ஆசை தச்சனுக்கு வந்த வேலை. அவன் இரவு பகலாக இழைத்து ஒரு பெரிய மர அன்னம் செய்தான். விசையைத் திருகினால் அது சிறகடித்து எழும். மலைகளைத் தாண்டிக் கொடுமலை நாட்டில் போய் இறங்கும். நடந்தால் அரை மாதம் பிடிக்கும் வழியை அது ஒரே பகலில் கடந்தது.

ராஜா நல்லவர். "நாம் மட்டும் பறந்தால் போதுமா? குடிமக்களும் வரட்டும்" என்றார். அந்த வேலையைச் சுங்க மந்திரி கனகசபேசரிடம் ஒப்படைத்தார். அங்கேதான் வினை.

அன்னத்தில் ஏற ஒரு வெற்றிலைக் கட்டின் விலைதான் என்று மந்திரி தண்டோரா போடச் சொன்னார். ஊரே ஓடி வந்தது. வந்த பிறகுதான் வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருப்பது தெரிந்தது. ஆளுக்கு ஒரு மூட்டை. அதுவும் அந்தக் கூடைக்குள் அடங்க வேண்டும். அடங்காதது எதுவானாலும் எடைக்கு எடை வெள்ளி. தண்டோராக்காரன் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டதாம்.

எடை போடத் தராசு வேண்டுமே? மந்திரி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். புதுத் தராசு செய்யக் காசு செலவாகும் என்று, கோயிலில் துலாபாரத்துக்கு வைத்திருந்த பெரிய தராசை இரவல் வாங்கி வந்து நிறுத்திவிட்டார்.

சட்டம் போட்டவருக்குச் சட்டம் இடிக்கக் கூடாதல்லவா? கனகசபேசர் வெளியே கிளம்பினால் தோளில் நாலு சால்வை, தலையில் கூடையளவு தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. இலவம்பஞ்சு மெத்தை இல்லாமல் அவரால் எங்கும் உட்கார முடியாது. பின்னால் இரண்டு ஆட்கள் அதைத் தூக்கி வருவார்கள். ஆகவே சட்டத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: உடம்பில் தரித்தது, கையில் ஊன்றியது, கீழே போட்டு உட்காருவது, இவை மூட்டையில் சேரா.

அதே அரண்மனையில் நல்லக்கூத்தன் என்ற விகடகவி இருந்தான். ராஜா அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் மந்திரிக்கு வயிறு எரியும். அந்த நல்லக்கூத்தனுக்கு ஒரே தங்கை, பெயர் வடிவு. கொடுமலையில் வாழ்க்கைப்பட்டவள், கணவனை இழந்தவள். அவள் மகள் செண்பகத்துக்கு வெள்ளிக்கிழமை விடியலில் முகூர்த்தம். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் சீரும் வராவிட்டால் மணப்பந்தலில் வடிவு எப்படித் தலைநிமிர்ந்து நிற்பாள்? மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் பேசமாட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அது போதும், காலத்துக்கும் ஆறாது.

சீர் தயாராகத்தான் இருந்தது. கூறைப்புடவை, தோடு, பட்டு வேட்டிகள், பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தேங்காய், அரிசி மூட்டை. ஆனால் மலைப்பாதையை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்னத்தில்தான் போயாக வேண்டும். அத்தனைக்கும் எடைக்கு எடை வெள்ளி கொடுப்பதென்றால் வீட்டை விற்றாலும் பற்றாது.

நல்லக்கூத்தன் சபையில் போய் நின்றான். "மகாராஜா, இது வியாபாரச் சரக்கல்ல, என் மருமகளின் சீர். கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும்" என்றான்.

மந்திரி முந்திக்கொண்டார். "பிரபு, ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளை ஊரே வந்து நிற்கும். சட்டம் எல்லாருக்கும் ஒன்று."

ராஜாவுக்கு மனம் இளகியது. ஆனால் முத்திரை வைத்த சட்டத்தை அவரே மீறலாமா? கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அதற்குள் விளையாட்டுப் புத்தி எட்டிப் பார்த்தது.

"நல்லக்கூத்தரே, சட்டத்தில் ஓர் எழுத்தையும் மீறாமல், ஒரு காசும் கொடுக்காமல், உமது சீரை அன்னத்தில் ஏற்றிவிடும். ஏற்றினால் பரிசு உண்டு. தவறினால் சீர் இங்கேயே தங்கும், நீர் வெறுங்கையோடு போக வேண்டும். சம்மதமா?"

"சம்மதம், மகாராஜா" என்றான் நல்லக்கூத்தன். சொல்லிவிட்டானே தவிர, எப்படி ஏற்றுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் மனைவி சௌந்தரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் கை வளையல்களைக் கழற்றினாள். "இதை வித்து ஆனமட்டும் கட்டிப் பாருங்க. வடிவு முகத்துல நாம எப்படி முழிக்கிறது?"

"வளையல் உன் கையிலயே இருக்கட்டும். கையில போட்டிருக்கிறதுக்கு மந்திரி காசு கேக்கமாட்டாரு" என்றான் அவன். சொன்ன வாய் மூடவில்லை. அப்படியே நின்று அவள் கையையே பார்த்தான். பிறகு சட்டத்தின் கடைசி வரியை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தான்.

வியாழக்கிழமை காலை. ராஜாவும் மந்திரியும் அன்றைக்குக் கொடுமலைக்குப் புறப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊர் திரண்டிருந்தது. தெருமுனையில் ஏதோ ஒன்று அசைந்து அசைந்து வந்தது. கிட்டே வந்த பிறகுதான் அது நல்லக்கூத்தன் என்று புரிந்தது.

தலையில் கிரீடம்போலப் பித்தளைக் குடம். தோளில் அடுக்கடுக்காகப் பட்டு வேட்டிகள். கழுத்தில் முழங்கால்வரை தொங்கும் தேங்காய் மாலை. குத்துவிளக்கை ஊன்றித்தான் நடந்தான். பின்னால் இரண்டு ஆட்கள் அரிசி மூட்டையைத் தூக்கி வந்தார்கள். பிறர் உடுத்திய கூறையைக் கல்யாணப் பெண் உடுத்தலாகாது. ஆகவே கூறைப்புடவையும் தோடும் மட்டும் ஒரு சிறு துணிமூட்டையில் இருந்தன. அது கூடைக்குள் அழகாக அடங்கியது.

"நில்லும்!" என்றார் கனகசபேசர். "இது என்ன கோலம்?"

"தலையில் இருப்பது என் தலைப்பாகை, தோளில் இருப்பது சால்வை, கையில் இருப்பது ஊன்றுகோல். எல்லாம் தங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்."

"அரிசி மூட்டை?"

நல்லக்கூத்தன் அதைக் கீழே வைக்கச் சொல்லி, அதன் மேல் உட்கார்ந்து காட்டினான். "எனக்கு மெத்தை ஒத்துக்கொள்ளாது, மந்திரியாரே. பிறந்ததிலிருந்து கட்டாந்தரையில் படுத்த உடம்பு. அரிசிதான் கொஞ்சம் இதம்."

ராஜாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. மந்திரிக்கு முகம் கறுத்தது. அவர் ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"பிரபு, இவர் நடமாடும் மூட்டை. அன்னத்துக்குப் பாரம் பாரம்தானே? இன்று முதல் ஆளையும் சேர்த்தே எடை போட உத்தரவாக வேண்டும். தரித்தது, ஊன்றியது, உட்காருவது எல்லாவற்றோடும் ஆளே தராசில் ஏறட்டும். உடம்புக்கு இவ்வளவு என்று கழித்து மீதிக்கு வசூலிக்கிறேன். இது என் பணிவான வேண்டுதல்."

நல்லக்கூத்தனுக்குக் குடத்துக்குள் வியர்த்தது. அந்த உத்தரவு வந்தால் சீர் போயிற்று, வடிவின் மானமும் போயிற்று. கண்ணை ஓட்டி அந்தத் தராசைப் பார்த்தான். அதன் தண்டில், கோயிலில் பூசிய சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியாமல் இருந்தன.

"நல்ல சட்டம், மகாராஜா" என்றான். "எல்லாரும் ஏறுவோம். ஆனால் அன்னத்தில் முதலில் ஏறுகிறவர் தாங்கள். தங்களுக்கு முன்னால் நான் தராசில் ஏறினால் மரியாதையா?"

"அதுவும் சரிதான்" என்று ராஜா எழுந்தார். நம் ராஜா இளைத்தவர் அல்லர். நடந்தால் கம்பளம் பெருமூச்சு விடும்.

அவர் தராசுத் தட்டில் கால் வைக்கப் போகும்போது நல்லக்கூத்தன் பக்கத்தில் நின்ற ராஜகுருவைக் கும்பிட்டான். "சுவாமி, தெரியாமல் கேட்கிறேன். இந்தத் தராசில் மனிதர் ஏறினால் வழக்கம் என்ன?"

"இது துலாபாரத் தராசு அப்பா. மூட்டை ஏறினால் மூட்டை. மனிதர் ஏறினால் துலாபாரம். எடைக்கு எடை கோயிலுக்குச் செலுத்தாமல் இறங்கக் கூடாது. அரசர் ஏறினால் பொன்தான்."

"செலுத்த வேண்டியவர் யார்? ஏறியவரா?"

"ஏறியவர் ஏன் செலுத்துகிறார்? குழந்தையை ஏற்றினால் குழந்தையா கொடுக்கிறது? ஏறும்படி வேண்டிக்கொண்டவர்தான் கொடுக்க வேண்டும்."

எல்லாருடைய கண்ணும் கனகசபேசர்மேல் போயிற்று. 'பணிவான வேண்டுதல்' என்று அவர் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. ராஜா ஒரு காலைத் தூக்கியபடியே நின்று, "மந்திரியாரே, ஏறட்டுமா?" என்றார்.

மந்திரி ராஜாவின் இடுப்பை ஒருமுறை பார்த்தார், தராசை ஒருமுறை பார்த்தார். "வேண்டாம், பிரபு. மனிதரை எடை போடுவது அழகல்ல. பழைய சட்டமே இருக்கட்டும்" என்றார்.

"அப்படியானால் நல்லக்கூத்தர் ஏறலாமா?"

"ஏறலாம்" என்றார் மந்திரி. அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாடு பெரும்பாடு.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பரிசு என்றேனே. கல்யாணப் பெண்ணுக்கு நம் தொழுவத்திலிருந்து ஒரு கறவைப் பசு தந்தோம்."

"மகாராஜா கருணை" என்று நல்லக்கூத்தன் குனிந்தான். குடம் கண்ணை மறைத்தது. அதை நிமிர்த்திவிட்டுச் சொன்னான்: "ஆனால் பசுவைத் தரிக்கவும் முடியாது, ஊன்றவும் முடியாது. உட்கார்ந்தால் உதைக்கும். கூடையிலும் அடங்காது."

"அது நம் அரண்மனை மூட்டை. அதற்கான வெள்ளியை மந்திரி கட்டுவார். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சொன்னவர் அவர்தானே?"

அன்னம் பறந்தது. வழியெல்லாம் பசு மந்திரியின் மெத்தையைத் தின்றுகொண்டே வந்தது.

பொழுது சாயக் கொடுமலையில் இறங்கினார்கள். வடிவு அண்ணனைத் தேடி ஓடி வந்தாள். அன்று முழுதும் மலைப்பாதையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் சிவந்திருந்தது. அன்னத்திலிருந்து குடமும் வேட்டியும் தேங்காயும் குத்துவிளக்குமாக ஓர் உருவம் இறங்கியதைக் கண்டு திகைத்து நின்றாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் பார்க்க, அவன் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சீர்த்தட்டில் வைக்கத் தொடங்கினாள். குடம் போயிற்று, மாலை போயிற்று, வேட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. தட்டுகள் நிறைந்துகொண்டே வந்தன. வடிவு அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணே, எல்லாம் வந்துருச்சு. நீ எங்கண்ணே இருக்கே?"

"இன்னும் ரெண்டு வேட்டியை எடு தாயி. உள்ளதான் இருக்கேன்."

அதைக் கேட்டு ராஜா சிரித்த சிரிப்பில் பந்தல் கால் ஆடியதாம். மறுநாள் விடியலில் செண்பகம் மாமன் கொடுத்த கூறையை உடுத்தி மணையில் அமர்ந்தாள். ஊர் திரும்பியதும் தராசு கோயிலுக்குப் போயிற்று. பிரம்புக் கூடையைப் பூக்காரி ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள்.