விழுங்கிய சொல்

கிருபாகரன் ஒரு சொல்லை விழுங்கினான். பிள்ளையின் ஞானஸ்நானம் கெட்டது. நடந்த தவறு இவ்வளவுதான். அப்புறம் அதை ஆளுக்கொரு விதமாகச் சமாளித்தார்கள். யார் செய்தது சரி என்று கேட்பேன். கவனமாகப் படியுங்கள், திருப்பிச் சொல்லமாட்டேன்.

கோயம்புத்தூரில் மோர்மன் என்கிற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. கிருபாகரனும் மனைவி நளினாவும் அதில் சேர்த்தி. கடல் கடந்து போய், சபையின் கோயிலில் முத்திரிக்கப்பட்ட தம்பதி. மற்றவர்களுக்குக் கல்யாணம் சாவு வரைக்கும். இவர்களுக்குச் சாவுக்கு அப்பாலும். ஆனால் இருவரும் விசுவாசத்தில் நிற்க வேண்டும். ஒருவர் விலகினால் மறுமையில் ஆளுக்கொரு திசை. நளினா அப்படித்தான் நம்பினாள்.

கிருபாகரனுக்கு அந்த விசுவாசம் போய்விட்டது. சும்மா போகவில்லை. சபையின் வரலாற்றைத் துருவிப் படித்தான், பெரியவர்களைக் கேட்டான். "ஜெபம் பண்ணு, நெஞ்சில் பதில் வரும்" என்றார்கள். உபவாசம் இருந்து ஜெபித்தான். வயிற்றில் பசி வந்தது; நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. வேலை செய்கிற இடத்துக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். சத்தம் வெளியே கேட்கக்கூடாது அல்லவா.

மற்ற பெண்டாட்டிகள் புருஷன் சட்டையில் செண்டு வாசம் பார்ப்பார்கள். இந்தச் சபையில் காபி விலக்கு. நளினா அவன் மூச்சில் காபியை முகர்ந்தாள்.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். காபியை விடு நளினா. எனக்கு எதையுமே நம்ப முடியலை."

அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். "அப்ப செத்த பிறகு நானும் பிள்ளையும் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கமா?"

அவன் போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தான்.

மகள் ஷீபாவுக்கு அப்போதுதான் எட்டு வயது நிறைந்திருந்தது. அந்த வயதில்தான் அங்கே முழுக்கு ஞானஸ்நானம். சடங்கு நடத்தும் ஆசாரியத்துவ அதிகாரம் உள்ள ஆண் கொடுக்க வேண்டும். சொல் ஒன்றும் பிசகக்கூடாது. உடம்பு முழுக்க மூழ்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. பார்த்துச் சொல்லச் சாட்சிகள் நிற்பார்கள்.

அந்த அதிகாரம் கிருபாகரனுக்கும் உண்டு, நளினாவின் அப்பா ஆரோனுக்கும் உண்டு. அவரே கொடுத்திருக்கலாம். ஆனால் ஷீபா சின்னதில் வாய்க்காலில் விழுந்து பிழைத்தவள். வாளித் தண்ணீரில் முகம் வைக்கவே நடுங்குவாள். "அப்பா பிடிச்சாத்தான் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டாள்.

"செஞ்சிடுங்க" என்றாள் நளினா. "அப்புறம் உங்க வழி."

"மனசுல இல்லாததை அவ தலைமேல சொல்லச் சொல்றியா?"

"கும்பிட்டுக் கேக்கிறேன்."

ஒத்துக்கொண்டான். அன்றைக்கு ஆரோன் ஒரு சாட்சி. அவருக்கு ஒன்றும் தெரியாது. "என்ன மாப்பிள, மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு? முங்கப்போறது நீங்களா, என் பேத்தியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

தொட்டியில் இறங்கினார்கள். பிள்ளை அவன் கையைக் கவ்விப் பிடித்திருந்தது. "இயேசு கிறிஸ்துவிடம் அதிகாரம் பெற்றவனாய்" என்று அவன் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொன்னான். உதடு அசைந்தது. 'அதிகாரம்' தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மிச்சத்தை முடித்து, பிள்ளையை முழுசாக முக்கி எடுத்தான்.

"அப்பா, நான் பயப்படலை" என்றது பிள்ளை.

ஆரோனுக்குக் காது கூர்மை. மருமகன் முகத்தைப் பார்த்தார், எல்லாம் விளங்கிற்று. "சரியா இருந்துச்சு" என்றார். இன்னொரு சாட்சி பிள்ளையின் பின்னல் மூழ்கிற்றா என்றே பார்த்துக்கொண்டிருந்தவர், அவரும் தலையாட்டினார்.

நளினா எழுந்தாள். "இல்லப்பா. ஒரு சொல் விட்டுப்போச்சு. மறுபடி சொல்லச் சொல்லுங்க."

அவனால் முடியாது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"அந்தச் சொல் என்கிட்ட இல்ல" என்றான் கிருபாகரன். ஈரத்தில் பிள்ளைக்குப் பல் தந்தியடித்தது.

ஆக, கிருபாகரன் பொய்யாகிற சொல்லை விழுங்கினான். ஆரோன் கேட்டும் கேளாதவராய் இருந்து அவன் மானத்தைக் காத்தார். நளினா சபை நடுவே அவனைக் காட்டிக்கொடுத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: நளினா. கிருபாகரன் தன் நாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளைக்கு உமியைக் கொடுத்து அரிசி என்றான். அதைப் பிள்ளையிடமாவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆரோன் இரக்கப்பட்டார், இரக்கத்துக்குப் பொய்ச்சாட்சி எதற்கு? பிள்ளை நம்பி வந்ததைக் குறையில்லாமல் கேட்டவள் நளினா ஒருத்திதான். அப்படிக் கேட்டதில், தனக்கு மறுமையில் புருஷன் இல்லை என்பதைத் தன் வாயாலேயே சபைக்குத் தெரியவைக்க வேண்டியிருந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள், ஆனால் பிள்ளை இன்னும் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றது. கிருபாகரன் தலையைக் குனிந்து படியேறப் பார்த்தான். "எங்க போறீங்க மாப்பிள? பிள்ளையைப் பிடிங்க. சொல்லு என்னுது, கை உங்களுது" என்று அவனை மறித்து, கட்டின வேட்டியோடு தொட்டியில் இறங்கி, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் கொடுத்து, 'அதிகாரம்' உட்பட எல்லாச் சொல்லையும் சொல்லிப் பேத்தியை முக்கி எடுத்தவர் ஆரோன்.