இடது பக்கத்துச் சீட்

"மேஸ்திரி, ஹீட்டர் போட்டா குளிர்காத்துதான் வருது. நீங்க சொல்லிக் கொடுத்ததெல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் பிடிபடல."

குன்னூரில் டாக்சி ஓட்டும் செல்வரத்தினம்தான் இப்படிக் கேட்டான். சவாரி இல்லாத நாளில் இருதயராஜ் மேஸ்திரியின் கார் பட்டறைக்கு வந்து வேலை கற்றுக்கொள்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் பட்டறைக்குள் அவர் குரு, இவன் சீடன்.

அன்று அவனுக்கு அவசரம். மனைவி வசுமதி கைக்குழந்தையோடு மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. குழந்தைக்கு மார்ச்சளி. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று பஸ்ஸில் போனவள். ஹீட்டரைச் சரிபண்ணிவிட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தான்.

என்னென்ன பார்த்தாய் என்று மேஸ்திரி கேட்டார்.

ஃபேன் ஓடுகிறது. இஞ்சின் சூடாகிறது. ரேடியேட்டரில் மட்டும் தினம் ஒரு சொம்புத் தண்ணீர் குறைகிறது, காலையில் கூலன்ட் கலந்து ஊற்றிவிடுகிறான். வண்டிக்கு அடியில் அட்டை விரித்தும் பார்த்துவிட்டான். சொட்டு ஈரம் இல்லை.

"அப்ப அந்தத் தண்ணி எங்க போகுது?"

அவன் மறுபடியும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு உக்காரு."

சொந்த வண்டி. ஆறு வருஷமாக ஓட்டுகிறான். அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை.

காலை வைத்தான். உடனே தூக்கிக்கொண்டான். கீழே விரித்திருந்த மேட் சொதசொதவென்று இருந்தது.

"மோந்து பாரு."

குனிந்தான். பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பு வாடை.

மேஸ்திரி முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு விரலால் இழுத்து, அந்த விரலை நீட்டினார். எண்ணெய் தொட்டதுபோல் பிசுபிசுத்தது. டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது, இஞ்சினின் சூட்டுத் தண்ணீர் அதில் ஓடித்தான் காற்று சூடாகும், அது ஓட்டை, ஒழுகுகிற கூலன்ட்டின் வாடையும் பிசுக்கும்தான் இது என்றார்.

பிறகு கேட்டார்.

"இங்க யாரு உக்காருவா?"

"வசுமதிதான், கொழந்தய மடியில வச்சுக்கிட்டு. சவாரிக்காரங்க பின்னாலதான்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

 அவன் மேட்டைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

ஐப்பசியிலேயே சொன்னாள், கால் நனைகிறது என்று. குழந்தை மூத்திரம் போயிருக்கும், பார்த்து உட்காரத் தெரியாதா என்று திட்டினான். அவள் மேட்டை அலசி, ராத்திரி அடுப்புக்கு மேலே காயப்போட்டு, காலையில் கொண்டுவந்து விரித்தாள். தினமும் அப்படித்தான். ஏதோ இனிப்பு வாடை, தலை வலிக்கிறது என்றாள். உனக்குத் தினம் ஒரு வாடை என்று சொல்லி வாசனை டப்பா வாங்கித் தொங்கவிட்டான். கண்ணாடி மங்கினபோது, மூச்சை அந்தப் பக்கம் விடு என்றான். டாக்சி ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

"அப்புறம்?"

"கார்த்திகைக்கு அப்புறம் அவ ஒண்ணும் சொல்றதில்ல, மேஸ்திரி. பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

மேஸ்திரி ஸ்பேனரை எடுத்தார்.

இரண்டு நாள் ஆனது. டேஷ்போர்டைப் பிரித்து, பழையதைக் கழற்றி, புதுசு போட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் செல்வரத்தினம் இடது பக்கம் வெறுங்காலோடு உட்கார்ந்து பார்த்தான். சூடான காற்று பாதத்தில் பட்டது. மேட் காய்ந்திருந்தது.

அங்கிருந்தே வசுமதிக்குப் போன் போட்டான். ஹீட்டர் சரியாகிவிட்டது, நீ சொன்னது நிஜம்தான், தண்ணீர் அங்கேதான் ஒழுகியிருக்கிறது, நாளைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

"மேஸ்திரி சொன்னாரா?" என்று அவள் கேட்டாள்.

ஆமாம் என்றான்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அவன் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தான்.

"திட்டுவான்னு பயந்துட்டே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லல. இனிமே ஒண்ணும் பிரச்சன இல்லதான, மேஸ்திரி?"

கழற்றிப்போட்ட பழைய குட்டி ரேடியேட்டர் இரண்டு நாளாக மூலையில் காய்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி அதை எடுத்துவந்து அவன் கண் முன்னால் கவிழ்த்துப் பிடித்தார்.

"சொட்டே விழல, பாத்தியா. ஓட்ட அடஞ்சிருச்சா?"