கோணல் வளையம்

வளையம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. ஒன்பது வருடமாக ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. நடந்த தவறு அவ்வளவுதான்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு பெண்கள் கல்லூரி. சிமெண்டுத் தரை, இரண்டு இரும்புக் கம்பம், சுற்றிலும் வேப்பமரம். அங்கே வந்து அந்தக் கூடைப்பந்து அணியை யாரும் ஜெயித்ததில்லை. வெளியூர் போய் அந்த அணி யாரையும் ஜெயித்ததில்லை.

குரு, மெர்சி லீலா. பயிற்சியாளர். வயது முப்பத்துமூன்று. வந்து நான்கு மாதம்.

சீடர், சங்கரபாண்டியன். பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே இரண்டு வருடமாகத் துணைப் பயிற்சியாளர். வயது அறுபத்தொன்று. மீசை பெரிது, பொறுமை சிறிது. "இந்தப் பிள்ளைகிட்ட நான் என்னத்தக் கத்துக்க?" என்று மெர்சி வந்த வாரம் கேட்டார். அடுத்த வாரம் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

நாகர்கோவிலில் தோற்றுத் திரும்பிய மறுநாள் காலை. பயிற்சி முடிந்து பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரபாண்டியன் கேட்டார்.

"மிஸ், வீட்டில எலி, வெளியில புலிம்பாங்க. நம்ம பிள்ளைக வீட்டில புலி, வெளியில எலி. பழமொழியே தலைகீழாப் போச்சு. ஏன்?"

மெர்சி ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள். நாகர்கோவிலில் தவறிய பந்து ஒவ்வொன்றும் வளையத்தில் எங்கே இடித்தது என்று வைத்த புள்ளி. எல்லாம் முன்பக்கம்தான். ஈ மொய்த்த மாதிரி இருந்தது.

"கை பயப்படுது. வேறென்ன," என்றார் சங்கரபாண்டியன்.

"ரிங்கு கோணல் சார்," என்றது ஒரு குரல்.

ஆவுடையம்மாள். இரண்டாமாண்டு. அணியிலேயே குட்டை. பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தவள். அவள் எறிந்தால் உள்ளே விழுவது அபூர்வம். வாய் மட்டும் ஓயாது.

"நாகர்கோவில் ரிங்கா?"

"இல்ல சார். நம்ம ரிங்கு."

சங்கரபாண்டியன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஏட்டி, இதே ரிங்குல செண்பகம் கண்ணை மூடிக்கிட்டுப் போடுதா. உனக்கு மட்டும் கோணலா?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். கேப்டன் செண்பகவடிவு விசிலடித்தாள். "ஏ கூடம்! தண்ணி பாட்டிலை எடு. ஏ கூடம்! பந்தைப் பொறுக்கு." மத்தியானத்துக்குள் பெயரே அதுவாகிவிட்டது.

சாயங்காலம் ஆவுடை தோளில் பையோடு வந்தாள். துவைத்து மடித்த ஜெர்சியை மேசையில் வைத்தாள். பதினான்காம் நம்பர்.

"என்னட்டி இது?" என்றார் சங்கரபாண்டியன்.

"ஊருக்குப் போறேன் சார்."

"நீ விளையாட்டுக் கோட்டாவுல சேர்ந்தவ. டீம்ல இல்லன்னா காலேஜும் இல்ல. தெரியும்லா?"

"தெரியும் சார். அம்மாகூட பீடி சுத்துவேன். அங்க ஒரு பீடி கோணலா இருந்தா கோணல்னு சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க."

சங்கரபாண்டியன் மீசையைத் தடவினார். மெர்சியைப் பார்த்தார்.

"மிஸ், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஏணி கொண்டு வாங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"ஏறத்தான்."

எலெக்ட்ரீஷியனின் ஏணி வந்தது. டேப்பும் வந்தது. சங்கரபாண்டியன் முனகிக்கொண்டே ஏறினார். வளையத்தின் பின்பக்கத்தை அளந்தார். பத்தடி, சரி. முன்பக்கத்தை அளந்தார். டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார். பிறகு ஏணி உச்சியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, காத்து நல்லா வருதா?"

அவர் இறங்கினார். மெர்சியிடம் போகவில்லை. ஆவுடை முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டா?" என்றாள் ஆவுடை. "நான் ஒண்ணுன்னுல்லா நினைச்சேன்."

எதிர்க் கம்பத்து வளையமும் அப்படித்தான். காரணம் சுலபம். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிக்கும் பிள்ளைகள் கடைசி நாளில் ஒருத்தியை ஒருத்தி தூக்கிவிட்டு வளையத்தில் தொங்குவார்கள், போட்டோ எடுக்க. ஒன்பது வருடம், ஒன்பது கூட்டம். இரும்பு எவ்வளவு தாங்கும்? முன்விளிம்பு தொங்கிப்போனது. போன வருடம் போட்டோ எடுத்தவரே சங்கரபாண்டியன்தான். "வெளிச்சம் பத்தலை, அப்படியே தொங்குங்க, இன்னொண்ணு எடுக்கேன்" என்றவர்.

முன்விளிம்பு தாழ்ந்த வளையம் ஆளைப் பார்த்து வாயைத் திறந்திருக்கும். மட்டமாக எறிந்தாலும் விழுங்கிவிடும். வெளியூர் வளையம் வானத்தைப் பார்த்திருக்கும். அதே பந்து அங்கே முன்னிரும்பில் இடிக்கும்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?"

"நான் வந்த அன்னைக்கே ஆவுடை சொன்னா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நானும் சிரிச்சேன் அண்ணாச்சி."

சங்கரபாண்டியன் மேசையில் இருந்த ஜெர்சியை எடுத்தார். ஆவுடையிடம் நீட்டினார்.

"இனிமே சிரிக்க மாட்டீங்களே சார்?"

"சிரிப்பேன். நீ சொன்னதுக்கு இல்ல. பிடிட்டி."

அவள் பிடித்தாள்.

"நாளைக்கே வெல்டரைக் கூப்பிடுதேன் மிஸ்," என்றார் அவர்.

"வேண்டாம்."

"பன்னிரண்டு நாள்ல மதுரையில போட்டி!"

"அங்க ரிங்கு எப்படி இருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ வெல்டர் எதுக்கு?"

சங்கரபாண்டியன் அதை நோட்டில் எழுதினார். புரியவில்லை. அடித்தார். மறுபடி எழுதினார்.

மறுநாளிலிருந்து கல்லூரி மைதானத்தில் பயிற்சி இல்லை. பன்னிரண்டு பேரும் வலைப்பை நிறையப் பந்தோடு டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் பந்துக்கும் டிக்கெட் கேட்டுப் பார்த்தார். செண்பகவடிவு பந்தை அவர் மடியில் உட்கார வைத்தாள். விட்டுவிட்டார்.

முதல் நாள் தீயணைப்பு நிலையம். வண்டி கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒற்றை வளையம்.

"யாரும் எறியக் கூடாது," என்றார் மெர்சி. "ஆவுடை, நீ எறி. குறை சொல்லு."

ஆவுடை எறிந்தாள். தவறியது. இன்னொன்று எறிந்தாள். அதுவும் தவறியது.

"வலப்பக்கம் ஒரு போல்ட் இல்ல மிஸ். ஆடுது. இடப்பக்கம் போட்டாத் தங்கும்."

மற்றவர்கள் இடப்பக்கம் போட்டார்கள். தங்கியது. தீயணைப்புக்காரர் ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். "பத்து வருஷமா தினமும் ஆடுதோம். எங்களுக்கே தெரியாது," என்றார்.

அடுத்த நாள் ரயில்வே குவார்ட்டர்ஸ். வலையே இல்லாத வளையம். அதற்கடுத்த நாள் ஆயுதப்படை மைதானம். வளையத்துக்குப் பின்னால் மழையில் ஊறிய மரப் போர்டு. பிறகு ஒரு பள்ளிக்கூடம். அங்கே வளையம் ஒரு கை உயரம் கூடுதல். ஒவ்வொரு இடத்திலும் ஆவுடைதான் முதலில். எறிவாள், தவறவிடுவாள், குறை சொல்வாள்.

ஐந்தாம் நாள் செண்பகவடிவு ஒன்றைத் தவறவிட்டாள். வழக்கமாக நெற்றியில் அடித்துக்கொள்வாள். அன்று அடிக்கவில்லை.

"பின்னால துள்ளுது! மெதுவா விடுங்கட்டி!" என்று கத்தினாள்.

அதோடு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. தவறவிட்டவள் தலை குனியவில்லை, கத்தினாள். அடுத்தவள் அதைக் கேட்டுப் போட்டாள். மைதானமே சந்தைக்கடை மாதிரி ஆனது. "ஏ கூடம், இது எப்படி?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். கூடம் இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் சங்கரபாண்டியன் நோட்டைப் பிரித்தார்.

"மிஸ், இது என்ன ஸ்டைலு? வேக ஆட்டமா, தடுப்பு ஆட்டமா? என்னன்னு எழுத?"

"எழுதாதீங்க. கேளுங்க."

பின்சீட்டில் பன்னிரண்டு பேரும் அன்றைய வளையத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நோட்டை மூடினார்.

மதுரை. அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். அதுவே அதிசயம். அதையும் தாண்டி இறுதி ஆட்டம்.

ஆவுடை முதல் பந்தை எறிந்தாள். தவறியது. "போர்டு மெத்து! ஓங்கி அடிங்க!" பாதி ஆட்டத்தில் எட்டுப் புள்ளி முன்னிலை.

இடைவேளையில் மெர்சி சொன்னார்: "ரெண்டாம் பாதி உங்க பொறுப்பு அண்ணாச்சி."

சங்கரபாண்டியன் உயரமான ஐந்து பேரை இறக்கினார். ஆவுடை பெஞ்சில். உயரம் ஜெயிக்கும் என்பது அவருடைய நாற்பது வருட நம்பிக்கை.

பந்து ஒன்றும் விழவில்லை. எதிரணி எட்டைத் தின்றது. மேலே மூன்று போட்டது. சங்கரபாண்டியன் கோட்டோரம் ஓடினார். "கை! கையை உயர்த்து! கை..."

பாதியில் நிறுத்தினார். வளையத்தைப் பார்த்தார். திரும்பி மறுபக்கத்து வளையத்தைப் பார்த்தார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியிருந்தது. இது வேறு வளையம்.

மெர்சியைப் பார்த்தார். மெர்சி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

பெஞ்சுக்கு நடந்தார். ஆவுடை முன்னால் குனிந்தார்.

"ஏம்மா, கூடம் எப்படி இருக்கு?"

"இங்க இருந்து தெரியாது சார். இறங்கணும்."

"இறங்கு."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போகத்தானட்டி அனுப்புதேன்!"

அவள் இறங்கினாள். ஓரத்திலிருந்து எறிந்தாள். பந்து பின்னிரும்பில் இடித்து நடுமைதானத்துக்குத் துள்ளியது. எதிரணிப் பெஞ்சு சிரித்தது.

"இரும்பு கெட்டி! போர்டு வேண்டாம்! உயரமா விட்டு மெதுவா இறக்குங்க!" ஊருக்கே கேட்டது.

செண்பகவடிவு உயரமாக விட்டாள். இறங்கியது. அடுத்தவள் விட்டாள். இறங்கியது. ஒன்று தவறியது. தவறவிட்டவள் கத்தினாள். அடுத்தது விழுந்தது. கடைசி விசிலில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்கள்.

பதினோரு பேரும் ஆவுடையைத் தூக்கினார்கள். "கூடம்! கூடம்!" தூக்கிக்கொண்டு நேரே வளையத்துக்கு ஓடினார்கள். பழக்கம். அவள் கையும் மேலே போய்விட்டது.

சங்கரபாண்டியன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். "தொங்காதீங்கட்டி! தொங்கிராதீங்க!"

மெர்சி தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

திங்கட்கிழமை வெல்டர் வந்து வளையங்களைச் சரிசெய்துவிட்டுப் போனார். கல்லூரி முதல்வர் சொல்லியனுப்பினார்: வாசல் கரும்பலகையில் வெற்றிச் செய்தி எழுதுங்கள், அணியைச் சரிசெய்தவர் பெயரை மேலே போடுங்கள்.

சங்கரபாண்டியன் சாக்பீஸ் எடுத்தார். மேலே பெரிதாக 'பயிற்சியாளர் மெர்சி லீலா' என்று எழுதினார். கீழே யார் யார் எத்தனை புள்ளி என்று ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்து எழுதினார். பதினான்காம் நம்பருக்கு நேராகப் பூஜ்யம்.

மெர்சி வந்து பார்த்தார். உள்ளங்கையால் தன் பெயரை அழித்தார்.

"அப்போ யாரு பேரை எழுத மிஸ்?"

"யாரு சரிபண்ணினாங்களோ அவங்க பேரை."

சங்கரபாண்டியன் பலகையின் கடைசி வரியைப் பார்த்தார். சாக்பீஸை விரலில் உருட்டினார்.

"அவ ஒரு பாயிண்டும் போடலியே மிஸ்."

"பூஜ்யத்தை அழிக்க வேண்டாம். அது கீழயே இருக்கட்டும். மேல பேரை எழுதுங்க அண்ணாச்சி. ஆவுடையம்மாள்."